பழைய பிராசசரும் பழைய தெர்மலும்

எழுபத்தொரு வயதில் நான் வாரம்தோறும் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மேல்பட்டாம்பாக்கத்து வீட்டில் முன் அறையில் உட்கார்ந்துகொண்டுதான் ஓட்டுகிறேன். டொராண்டோவில் இருக்கும் பேரன் எனக்கு முன்னால் ஒரு லாரியில் போவான், நான் பின்னால் போவேன். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இங்கே ஆரம்பித்தால் அவனுக்கு அங்கே காலை நேரம். பள்ளிக்கூடம் இல்லாத நாள்.

விளையாட்டின் பெயர் யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டுக் கம்பெனி ஒன்று 2012-இல் வெளியிட்டது. 2021-இல்தான் அதில் 'கான்வாய்' என்று ஒரு வசதி சேர்த்தார்கள். எட்டுப் பேர் வரை சேர்ந்து ஒரே சாலையில் லாரி ஓட்டலாம். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. ஓர் ஊரில் சரக்கு ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். பேரன் 2023-இல் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். முதல் நாள் லைப்சிக் நகரத்துக்குப் போனோம். நெய்வேலி மைன்ஸில் பார்த்த பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. 34 வருஷம் அந்த நாட்டின் பேரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், கடைசியில் லாரியில் போய்ச் சேர்ந்தேன்.

லாரி ஒரு சாக்குதான் என்பது உங்களுக்கே புரியும். போனில் பேசினால் "நல்லா இருக்கேன் தாத்தா", "சாப்பிட்டேன் தாத்தா" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவான். லாரி ஓட்டும்போது ஒன்றரை மணி நேரம் பேசுவான். பள்ளிக்கூடத்தில் யார் அடித்தார்கள், அப்பா எதற்குத் திட்டினார், பனியில் எப்படி விழுந்தான், எல்லாம் சரக்கோடு சேர்ந்து இறங்கும். என் வீட்டுக்காரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் ஹெட்போனைப் பிடுங்கி "என்னடா கண்ணு சாப்பிட்டே?" என்று கேட்பாள். அந்த நேரத்தில் நான் எங்கேயாவது முட்டிக்கொள்வேன்.

கம்ப்யூட்டர் என் மகனுடையது. 2017-இல் சென்னையில் வேலையில் இருந்தபோது ரிச்சி தெருவில் அலைந்து ஒவ்வொரு உறுப்பாக வாங்கிச் சேர்த்தான். ஏ.எம்.டி. ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு. கனடா கிளம்பும்போது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். நானும் தமிழ் டைப் அடிக்க, ஆயுள் சான்றிதழ் விவரம் பார்க்க என்று வைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

சென்ற வருஷம் கோடையில் தொல்லை ஆரம்பித்தது. பேரனின் நண்பர்கள் நான்கைந்து பேர் எங்கள் கான்வாயில் சேர்ந்தார்கள். விளையாட்டுக்காரர்களும் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஊருக்குள் நுழைந்தால் என் திரை திக்கித் திக்கி நகரும். சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம் போதும். ஆனால் ஸ்டியரிங்கை நாமே பிடித்திருக்கும்போது 60-ஆவது வேண்டும். எனக்கு 30-க்குக் கீழே போய், சில விநாடி அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி உயிர் வரும்போது லாரி யார் மேலாவது ஏறியிருக்கும். பையன்கள் சிரிப்பார்கள். "தாத்தா, நீங்க ஏன் ஃப்ரீஸ் ஆகறீங்க?" என்பான் பேரன்.

ஒரு சனிக்கிழமை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தாத்தா, இன்னைக்கு நாங்க மட்டும் ஓட்டறோம். உங்களோட நாளைக்குத் தனியா ஓட்டறேன்." மறுநாள் அவனுக்கு வேறு வேலை வந்துவிட்டது. குழந்தை மேல் தப்பே இல்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உள்ளூர இன்னொரு பயம். குறை மெஷினிலா, என்னிடமா? கண்ணில் புரை வளர ஆரம்பித்திருப்பதாக டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கை வேகமும் பழைய மாதிரி இல்லை. கம்ப்யூட்டர் மேல் பழி போட்டு நம் வயதை மறைக்கிறோமோ என்று தோன்றியது.

அங்கேதான் நான் முட்டாள்தனமாக ஒரு காரியம் செய்தேன். கடை ஒன்றில் போய் விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்த பையன் நான் எடுத்துப்போன போட்டோவைப் பார்த்தான். டாஸ்க் மானேஜரில் பிராசசர் உபயோகம் முப்பது சதவீதம் சொச்சம் என்று இருந்தது. "சார், பிராசசர் சும்மாதான் இருக்கு. கிராபிக்ஸ் கார்டுதான் பழசு" என்றான். நியாயமாகப் பட்டது. 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதுக் கார்டு வாங்கி வந்து மாட்டினேன். சனிக்கிழமை ஊருக்குள் நுழைந்தேன். அதே திக்கல், அதே உறைதல். புதுக் கார்டால் ஒரு பிரேம் கூட ஏறவில்லை.

வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. "தெர்மல்ல வேலை பார்த்தவரு" என்று மட்டும் சொன்னாள். அது போதும்.

அவள் சொன்னது சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்தது நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தில். 1962-இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கி, 1970-இல் 600 மெகாவாட்டாக வளர்ந்த நிலையம் அது. சோவியத் ஒத்துழைப்பில் வந்தது. 50 மெகாவாட்டில் ஆறு யூனிட், 100 மெகாவாட்டில் மூன்று யூனிட். அங்கே நான் 1980-இல் சேர்ந்தபோது மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: "லோடு ஏறலைன்னா டர்பைனைத் திட்டாதே. எங்கே அடைப்புன்னு முதல்ல பாரு." மைன்ஸிலிருந்து பெல்ட்டில் லிக்னைட் வர வேண்டும். பங்கரில் விழ வேண்டும். மில்லில் அரைபட வேண்டும். பாய்லரில் எரிந்து நீராவியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் டர்பைன். மில் திணறினால் எத்தனை பெரிய டர்பைன் வைத்தும் பிரயோசனமில்லை. இத்தனை வருஷம் இதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் மேஜை மேல் இருந்த பெட்டியில் டர்பைனை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

சரி, இனி முறைப்படி பார்ப்போம் என்று ஒரு நோட்டை எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் பிராசசர் என்பது தீர்மானிக்கிறவர். எந்த லாரி எங்கே இருக்கிறது, எந்தச் சிக்னல் எப்போது மாறும், எதிரே வரும் வண்டி திரும்புமா என்று கணக்குப் போடுவது அதன் வேலை. கிராபிக்ஸ் கார்டு ஓவியர். சொன்னதை வரைந்து கொடுப்பார். சொல்லுகிறவர் தாமதித்தால் ஓவியர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. விளையாட்டில் படத்தின் அளவை, அதாவது ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்ப்பது. ஓவியருக்கு வேலை குறையும். அப்போது வேகம் ஏறினால் குறை கிராபிக்ஸ் கார்டில். ஏறாமல் அப்படியே நின்றால் குறை பிராசசர் பக்கம். நான் பாதியாகக் குறைத்தேன். படம்தான் மங்கியது, வேகம் அசையவில்லை. கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பார்த்தேன். பாதி கூட இல்லை. நன்றாக உழைக்கும் கார்டு 95-க்கு மேல் காட்ட வேண்டும்.

அப்படியானால் பிராசசர் முப்பது சதவீதம் என்று காட்டியதே? அதுதான் நான் ஏமாந்த இடம். ரைசன் 5 1600-இல் ஆறு கோர், 12 இழை. எல்லாவற்றின் சராசரியைத்தான் அந்த எண் காட்டுகிறது. ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால், ஒன்று மட்டும் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. இந்த மாதிரி விளையாட்டுகள் பெரும்பாரத்தை ஒரே கோர் மேல் ஏற்றுகின்றன. கண்ட்ரோல் ரூமில் இருந்தவனுக்குச் சராசரி எப்படிப் பொய் சொல்லும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடனே பிராசசர் வாங்க ஓடவில்லை. ஒரு தடவை சூடு பட்டாயிற்று. முதலில் பெட்டியைத் திறந்தேன். எட்டு வருஷத் தூசி. ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளி மாதிரி அடைத்திருந்தது. பிராசசருக்கும் அதற்கும் நடுவில் தடவும் பசை காய்ந்து பொடியாகியிருந்தது. சுத்தம் செய்து, பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவியதும் சூடு நன்றாக இறங்கியது. சூடு மிஞ்சினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. நினைவகம் ஒரே தகடாக இருந்தது. ஜோடியாகப் போட்டால் போக்குவரத்து இரட்டைப் பாதையாகும் என்று படித்து, அதே வகையில் இன்னொன்று வாங்கிச் சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் முன்னேற்றம். தனியாக ஓட்டினால் பரவாயில்லை. பையன்கள் எல்லாரும் சேர்ந்தால் மறுபடி திக்கல்.

இப்போது சந்தேகமில்லை. அடைப்பு பிராசசரில்தான்.

மகனிடம் சொன்னேன். "அப்பா, எட்டு வருஷப் பழசுல ஏன் காசு போடறீங்க? புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க, நான் அனுப்பறேன்" என்றான். அவன் சொல்வதிலும் அர்த்தமுண்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசசர் பட்டியலில் ரைசன் 1600 இல்லை. ஆக, விளையாட்டுக்கு இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு நாள் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆனால் மொத்தமாக மாற்றுவதா, ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவதா? எனக்கு மறுபடி பழைய தெர்மல்தான் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் எங்கள் நிலையத்துக்கும் இதே கேள்வி வந்தது. கணக்குப்படி வயதாகிவிட்டது. இடித்துவிடலாமா? அப்போது ஆயுள் நீட்டிப்பு என்று ஒரு திட்டம் செய்தார்கள். தேய்ந்ததைக் கழற்றிப் புதிது போட்டு, நன்றாக இருந்ததை அப்படியே விட்டார்கள். அதற்குப் பிறகும் 20 வருஷத்துக்கு மேல் அந்த நிலையம் வெளிச்சம் கொடுத்தது. பக்கத்தில் 500 மெகாவாட் யூனிட் இரண்டோடு புதிய நிலையம் எழும்பி, அதில் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய பிறகுதான், 2020-இல் பழையதை முழுக்க நிறுத்தினார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. செய்தி கேட்ட அன்று மனசு கனத்தது. ஆனாலும் அவசரத்தில் எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. ஒரு யூனிட் கரண்டுக்குப் பழையது எரிக்கிற லிக்னைட்டை விடப் புதியதற்குக் குறைவாகவே போதும். நீட்டிக்க வேண்டிய காலத்தில் நீட்டித்தார்கள், நிறுத்த வேண்டிய காலத்தில் நிறுத்தினார்கள்.

என் பெட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது? விசாரித்ததில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. பிராசசர் உட்காரும் குழிக்கு சாக்கெட் என்று பேர். என்னுடையது ஏ.எம்.4. அந்தக் குழியை ஏ.எம்.டி. கம்பெனி பல தலைமுறைக்கு மாற்றவில்லை. 2022-இல் வந்த ரைசன் 5 5600-உம் அதே குழியில் உட்காரும். அதிலும் ஆறு கோர், 12 இழை. அதே 65 வாட். ஆனால் ஒவ்வொரு கோரும் முன்னதை விட வெகு வேகம். பழையது உச்சத்தில் 3.6 கிகாஹெர்ட்ஸ் என்றால் இது 4.4. அதே ஹெர்ட்ஸிலும் கூடுதல் வேலை செய்யும், உள்ளே இருக்கும் கேஷ் நினைவகமும் இரட்டிப்பு. விண்டோஸ் 11-உம் ஏற்றுக்கொள்ளும். விலை ஏறக்குறைய 10 ஆயிரம். அடுத்த தலைமுறையான ஏ.எம்.5-க்குப் போனால் மதர்போர்டு புதிது, டி.டி.ஆர்.5 நினைவகம் புதிது, பிராசசர் புதிது. போதாக்குறைக்குச் சென்ற வருஷக் கடைசியில் நினைவகம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது.

ஏ.எம்.4-க்கு இது கடைசி ரயில் மாதிரி. புது வரவு குறையக் குறைய நல்ல சில்லுகள் கடையில் கிடைப்பது அரிதாகும், கிடைத்தாலும் விலை ஏறும். காத்திருப்பதில் லாபமில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு சங்கடம் பாக்கி. பழைய மதர்போர்டு புது பிராசசரை அடையாளம் காண வேண்டுமானால், பழைய பிராசசர் இருக்கும்போதே அதன் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். போர்டு தயாரித்தவர்களின் தளத்தில் எந்த பிராசசருக்கு எந்தப் பதிப்பு என்று பட்டியல் இருக்கும். அதைப் பார்க்காமல் பிராசசர் வாங்கக் கூடாது. அப்டேட் நடக்கும் சில நிமிஷத்தில் கரண்டு போனால் போர்டே செத்துப்போகலாம். 34 வருஷம் ஊருக்கெல்லாம் கரண்டு தயாரித்தவன், ஐந்து நிமிஷக் கரண்டுக்காகப் பயந்து உட்கார்ந்த கதை இது. பராமரிப்பு மின்தடை அறிவிப்பு எதுவும் இல்லாத நாளாகப் பார்த்தேன். யு.பி.எஸ். பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். மழை மேகம் இல்லை என்று வாசலுக்குப் போய் வானத்தையும் பார்த்தேன். வீட்டுக்காரி சாமி விளக்கு ஏற்றினாள். நல்லபடியாக முடிந்தது.

பிராசசரை மாற்ற எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் பையனைக் கூப்பிட்டேன். என் விரல்கள் இப்போது கொஞ்சம் நடுங்குகின்றன, ஏ.எம்.4 பிராசசரின் அடியிலோ 1331 ஊசிக் கால்கள். ஒன்று வளைந்தாலும் போச்சு. கழற்றும் முன் பத்துப் பதினைந்து நிமிஷம் விளையாட்டை ஓட்டிப் பசையைச் சூடாக்கச் சொன்னேன். பிறகு அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்கை நேரே இழுக்காமல் லேசாக இடமும் வலமும் திருகி எடுக்கச் சொன்னேன். நேரே இழுத்தால் பசையோடு ஒட்டிக்கொண்டு பிராசசரே குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். "தாத்தா, இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?" என்றான். ஓவர்ஹாலில் போல்ட் கழற்றியவனுக்கு இது புதிதா?

மூலையில் இருந்த முக்கோணக் குறியைப் பார்த்து, அழுத்தாமல் வைத்தோம். தானாக இறங்கி உட்கார்ந்தது. துவரம்பருப்பு அளவு பசை. ஸ்விட்சைப் போட்டோம். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. அரை நிமிஷம் போனது. பையன் என்னைப் பார்த்தான், நான் சாமி விளக்கைப் பார்த்தேன். புது பிராசசர் நினைவகத்தோடு பழகிக்கொள்ள முதல் தடவை கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தாலும், அந்த நேரத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. பிறகு எழுத்து வந்தது.

அந்தச் சனிக்கிழமை ஏழு லாரி. பேரன் முன்னால், நான் கடைசியில். ஊருக்குள் நுழைந்தோம். உறையவில்லை. வீணாய்ப் போனது என்று நினைத்த கிராபிக்ஸ் கார்டும் அன்றுதான் சம்பளத்துக்கு வேலை செய்தது. "தாத்தா, நீங்க இன்னும் பின்னாடி இருக்கீங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டான். "இருக்கேன்டா" என்றேன். வீட்டுக்காரி எழுந்து உள்ளே போனாள். கண்ணைத் துடைக்கத்தான் போனாள் என்று நினைக்கிறேன்.

கதை அங்கே முடியவில்லை. விளையாட்டில் இருட்டியதும், எதிரே வரும் விளக்குகள் பரந்து தெரிந்தன. திரும்ப வேண்டிய பலகையைப் படிக்க முடியாமல் இரண்டு தடவை தவறவிட்டேன். இப்போது மெஷின் மேல் பழி போட முடியாது. அளந்து, துடைத்து, மாற்றியாயிற்று. மிச்சமிருக்கிற குறை என்னுடையது.

கண் டாக்டரிடம் போனேன். "எப்போ சார் ஆபரேஷன் பண்ணணும்?" என்று கேட்டேன். "வயசைப் பார்த்தோ வருஷத்தைப் பார்த்தோ முடிவு பண்ண வேண்டாம். நீங்க செய்ய நினைக்கிற வேலைக்கு அது இடைஞ்சல்னு தோணும்போது பண்ணிக்கலாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிராசசருக்கு மாதக்கணக்கில் தேடிய பதிலை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

வீட்டில் பேரப் பிள்ளைகள் "பிராசசர் மாத்தணும்" என்று அடம்பிடித்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே பர்ஸைத் திறக்கவும் வேண்டாம். என்ன செய்ய முடியவில்லை என்று முதலில் கேளுங்கள். பெட்டியைத் திறந்து தூசி தட்டச் சொல்லுங்கள். ரெசல்யூஷனைக் குறைத்து, அடைப்பு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். பழைய குழியிலேயே நல்லது ஒன்று உட்காருமா என்று பாருங்கள். உட்காராது என்றால் மட்டும் மொத்தமாக மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்பது காரணமே ஆகாது. அது வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கும்.

டிசம்பரில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் சொன்னபடி மூன்று சனிக்கிழமை லீவு. பேரனுக்குச் சொன்னபோது, "பரவாயில்லை தாத்தா, நான் உங்க லாரியை கராஜ்ல நிறுத்தி வைக்கறேன்" என்றான். பொங்கல் கழிந்த சனிக்கிழமை மறுபடி கிளம்பினோம். இரவு நேரம், மழை வேறு. பலகையைத் தூரத்திலேயே படித்து, அவனுக்கு முன்னால் நான் சொன்னேன்: "அடுத்த வளைவுல இடது பக்கம்டா."

இடது கண் சித்திரையில்.